சபாபதி எடுக்கச் சொன்ன பக்கம்

சபாபதிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியும் என்றால் அது வேனின் ஓட்டுநர் இருக்கையில் மட்டும்தான். வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். கோயிலுக்குப் போனால் பூசை முடிவதற்குள் பல தடவை வெளியே வந்து, வேன் பூட்டியிருக்கிறதா என்று கதவை இழுத்துப் பார்ப்பார். "இந்த ஆளு கால்ல சக்கரத்தோடயே பொறந்துட்டாரு" என்பாள் மனைவி யோகேஸ்வரி. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். படிப்பு மண்டையில் ஏறவில்லை. வயது வந்ததும் ஜொகூர் பாருவுக்கு ஓடிவந்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். குளிரூட்டிய அறை, உட்கார்ந்தபடியே வேலை, ஊரில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். இவருக்கோ பைத்தியம் பிடிக்காத குறை. நாற்காலியைப் பார்த்தாலே நெஞ்சு அடைத்தது. ஒரு வழியாக அதை உதறிவிட்டு லாரிக்குப் போனார், பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி உலு திராமில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் மனிதர் மூச்சு விட்டார். இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. முதலில் ஏறிய பிள்ளைகள் சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறார்கள்.

அவருக்கென்று சில வழக்கங்கள் உண்டு. யார் வீட்டு வாசலிலும் ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப் போய் கேட் ஓரம் நின்று ஒரு செருமல் செருமுவார், அவ்வளவுதான். சப்பாத்துக் கயிறு கட்டாமல் ஓடிவரும் பிள்ளைக்குக் குனிந்து கட்டிவிடுவார். எவனை எவன் பக்கத்தில் உட்காரவைத்தால் அடிதடி, எவளைச் சன்னலோரம் வைத்தால் வாந்தி வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகளுக்கு அவர் வேன் அங்கிள். பெற்றோருக்குச் சபாபதி அண்ணன்.

புதன்கிழமை மதியம் வேனைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது. வாட்ஸ்அப் புலனத்தில் பெற்றோர் குழு ஒன்று உண்டு, பேர் 'சபாபதி அண்ணன் வேன்'. 'பாப்பாவுக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரமாட்டா', 'நாளைக்கு விளையாட்டு உடையா, சீருடையா?' என்று வந்து விழுகிற இடம். அதில் அன்று ஒரு படம் வந்திருந்தது. பார்த்தால் அவருடைய முகம். ஒன்பது வருடம் இளமையான, மீசை கறுத்த முகம். அதன் மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு: 'தமிழ்ப்பள்ளி மாணவி மாயம்: வேன் ஓட்டுநர் கைது.'

படத்தைப் போட்டவர் ரூபேந்திரன். அண்மையில்தான் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தவர். சிங்கப்பூரில் கணினி வேலை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டப் போய்விடுவார், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். ஒரே மகள், முதலாம் ஆண்டு. அவளை நாள் முழுக்க அடுத்தவர் கையில் விட்டுவிட்டுப் போகிற தகப்பன், ஆகவே பயம். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: 'மன்னிக்கணும். நல்ல எண்ணத்துலதான் கேக்கிறேன். இது நம்ம வேன் அங்கிளா?'

எங்கே பிடித்தார் இதை? முகநூலில் யாரோ எப்போதோ பகிர்ந்து கிடந்த ஒரு பழைய இணைப்பு. 'தென்முனை' என்று ஒரு தமிழ்ச் செய்தித் தளம் ஜொகூர் பாருவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொரோனா காலத்தில் அது படுத்துவிட்டது. இணைப்பை அழுத்தினால் வெறும் வெள்ளைத் திரைதான். ஆனால் செத்துப்போன பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கம் இன்ன தேதியில் இப்படி இருந்தது என்று எடுத்துப் போட்டுவிடும். கணினி வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

சபாபதி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வேனைச் சுற்றி நடந்தார். திரும்பவும் நடந்தார்.

நடந்தது இதுதான். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒருநாள் மதியம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வேனுக்கு வரவில்லை. சபாபதி தேடினார், காவலாளியிடம் கேட்டார். 'யாரோ சொந்தக்காரங்க வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க' என்றார் அவர். வேனில் மற்றப் பிள்ளைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள், எனவே கிளம்பிவிட்டார். பிள்ளையை அழைத்துப் போனது அவளுடைய அத்தை. தாய்க்கும் தகப்பனுக்கும் தகராறு முற்றி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தைக்காரி குழந்தையைச் சிம்பாங் ரெங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இது யாருக்குத் தெரியும்? பிள்ளை காலையில் வேனில் ஏறினாள், வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் வந்தது. சபாபதி ஓர் இரவு பாலாயில், போலீஸ் நிலையத்தில், இருந்தார். விசாரிக்க அழைத்துப் போனதைத் தென்முனை 'கைது' என்று போட்டது.

மறுநாள் காலை பிள்ளை கிடைத்துவிட்டாள். தென்முனை அதே பக்கத்தைத் திருத்தி எழுதியது: மாணவி பத்திரம், வேன் ஓட்டுநருக்குச் சம்பந்தமில்லை. நல்ல செய்திதானே? ஆனால் சபாபதி அதைப் பார்த்தபோது கண்ணில் பட்டது தம் படம் மட்டும்தான். தம் முகம், தம் பேர், பக்கத்தில் 'போலீஸ்' என்ற சொல். நேரே தென்முனை அலுவலகத்துக்குப் போய், "என் பேரே வேணாம் ஐயா, எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று கெஞ்சினார். அழுதார் என்றும் சொல்லலாம். மானத்துக்கு அஞ்சுகிற நம்மாட்களின் வழி இது. பேர் அடிபட்டால் அது நல்லதுக்கு அடிபட்டதா கெட்டதுக்கா என்றெல்லாம் பார்ப்பதில்லை, அடிபடவே கூடாது, அவ்வளவுதான். அவர்களும் மனமிரங்கி எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் மிஞ்சியது ஒரு சின்னச் செய்தி, காணாமற்போன மாணவி கிடைத்துவிட்டாள் என்று. வேன் ஓட்டுநர் என்று ஓர் ஆளே அதில் கிடையாது.

இதையெல்லாம் சபாபதி குழுவில் குரல்பதிவாகச் சொன்னார். நடந்துகொண்டே பேசியதால் மூச்சிரைப்பும் பதிவாகியிருந்தது. ரூபேந்திரன் உடனே பதில் போட்டார்: "அண்ணே, நானும் தேடிட்டேன். காப்பகத்துல ரெண்டே பிரதிதான் இருக்கு. முதல்ல கைதுன்னு போட்டது, அப்புறம் மறு வருஷம் எடுத்த ஒண்ணு. அதுல உங்க பேரே இல்ல. தப்பு இல்லாத ஆளு பேரை ஏன்ணே எடுக்கணும்?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனிதருக்கு அது வராதே. "நான்தான் தம்பி எடுக்கச் சொன்னேன்" என்று இன்னொரு பதிவு போட்டார்.

எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக் குறி மட்டும் விழுந்தது.

வியாழக்கிழமை காலை பேட்ரிசியா வீட்டு வாசலில் நின்று செருமினார். பேட்ரிசியா கிளினிக்கில் தாதி, இந்தக் குழுவை ஆரம்பித்துக் கொடுத்தவளும் அவள்தான். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பாலர் பள்ளிக் காலத்திலிருந்து இந்த வேனில்தான் வருகிறார்கள். கேட் வரைக்கும் வந்தவள் பூட்டைத் திறக்கவில்லை.

"இன்னிக்கு அவங்க அப்பா கொண்டு விடுறாருண்ணே" என்றாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்துச் சொன்னாள்.

"சரிம்மா. நாளைக்கு?"

"சொல்றேண்ணே."

அப்படியே இன்னும் சில வீடுகள். திறக்காத கேட்டுகள், திரைச்சீலைக்குப் பின்னால் அசைகிற நிழல்கள். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வேனில் பாதி இருக்கை காலி. வேனில் மிஞ்சிய பிள்ளைகள் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு மகிழ்ந்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? சபாபதி கண்ணாடியில் அந்தக் காலி இருக்கைகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இருக்கையிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்று மாலை பேட்ரிசியா குழுவில் எழுதினாள்: 'சனிக்கிழமை மாமாக் சாப்பாட்டுக் கடையில எல்லாரும் கூடிப் பேசிடுவோம். அண்ணன் கையில ஆதாரம் இருந்தா கொண்டு வரட்டும். இல்லன்னா வேற வேன் பார்க்கிறதா இல்லையான்னு அங்கயே முடிவு பண்ணிடலாம்.' யோகேஸ்வரி இதைப் படித்துவிட்டு, "ஆதாரமாம்! இருவது வருஷமா அவங்கவங்க பிள்ளைங்க மூக்கைத் துடைச்சு விட்டாரே, அது ஆதாரம் இல்லையாமா?" என்று பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள். சபாபதி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தாமானைச் சுற்றிச் சுற்றி வந்தார். வழியில் எதிர்ப்பட்ட பெற்றோர் ஒருவர், தொலைபேசி வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். தொலைபேசி வரவில்லை என்பது சபாபதிக்குத் தெரியும்.

அவர் கைப்பேசியில் 'தென்முனை ஜாக்லின்' என்று ஓர் எண் இன்னும் கிடந்தது. அன்று அவர் அழுதபோது தண்ணீர் கொடுத்து, தம் கையாலேயே பக்கத்தைத் திருத்தியவர் அந்த ஜாக்லின். எண் மாறவில்லை. வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் வேனை நேரே ஜொகூர் பாருவுக்கு விட்டார். ஜாக்லின் இப்போது வாகனக் காப்புறுதி புதுப்பிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறார். தலையில் கொஞ்சம் நரை. ஆளை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"உட்காருங்கண்ணே."

"பரவால்லம்மா, நிக்கிறேன்."

விஷயத்தைக் கேட்டதும் ஜாக்லின் தம் கணினியில் காப்பகத்தைத் திறந்து, சபாபதியின் கைப்பேசிப் படத்தில் தெரிந்த அந்தச் செய்தியின் பழைய முகவரியைத் தட்டினார். ஓர் ஆண்டின் நாள்காட்டி வந்தது. சில தேதிகளைச் சுற்றி மட்டும் வட்டம்.

"வட்டம் போட்ட நாள்ல அது நம்ம பக்கத்துக்கு வந்து பிரதி எடுத்திருக்குன்னு அர்த்தம். கரண்டு மீட்டர் பாக்க வர்ற ஆளு மாதிரிதாண்ணே. எப்ப வருவான்னு நமக்குத் தெரியாது. வந்த நேரத்துல என்ன இருந்துச்சோ, அதை எழுதிக்கிட்டுப் போயிடுவான்."

"நம்ம செய்திக்கு?"

"கைதுன்னு போட்ட அன்னிக்குச் சாயந்திரம் வந்திருக்கு. அதுக்கப்புறம் மறு வருஷம்தான். நடுவுல வரவே இல்ல." ஜாக்லின் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "உங்களுக்குச் சம்பந்தமில்லன்னு நாங்க போட்டது ஒரே ஒரு நாள்தாண்ணே இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு மறுநாளே எடுத்துட்டோம். ஆசிரியர் அப்பவே சொன்னாரு, இது அவருக்கு நல்ல செய்தி, வச்சிக்கச் சொல்லும்மான்னு. நீங்க கேக்கல."

சபாபதிக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. தன்னைக் குற்றவாளி என்று சொன்ன பக்கம் நிலைத்துவிட்டது; தன்னை நிரபராதி என்று சொன்ன பக்கத்தைத் தானே அழுது, கெஞ்சி, கையெடுத்துக் கும்பிட்டு அழிக்கவைத்திருக்கிறார். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று தன் மேலேயே கோபம் பொங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், உட்காரவில்லை.

"அந்த முதல் பக்கத்தையாச்சும் அழிச்சிடச் சொல்ல முடியுமாம்மா?"

"எழுதிக் கேக்கலாம். ஆனா அண்ணே, மறுபடியும் அழிச்சா என்ன சொல்லுவாங்க? பாரு, இதையும் மறைச்சுட்டான்னு சொல்லுவாங்க."

அதுவும் சரிதான். நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை போய்விட்டார். கதவைத் தள்ளும்போது ஜாக்லின் கூப்பிட்டார்.

"அண்ணே, நில்லுங்க. முகப்பைப் பாக்கல நாம."

உள்ளே இருக்கிற ஒவ்வொரு செய்திக்கும் காப்பகம் வருவது எப்போதாவதுதான். ஆனால் தளத்தின் முகப்புப் பக்கம் ஆள் நடமாட்டமுள்ள இடம், அதற்கு அடிக்கடி வரும். ஜாக்லின் முகப்பின் முகவரியைத் தட்டினார். நாள்காட்டி முழுக்க வட்டமாய் நிறைந்தது. விரலால் தேதியைத் தேடினார். அந்த நடு நாளில் ஒரு வட்டம் இருந்தது.

பக்கம் திறப்பதற்குள் சபாபதி அறைக்குள் நடந்து முடித்துவிட்டார். முதலில் விளம்பரங்கள், உடைந்த கட்டங்கள், பிறகு மெல்ல மெல்ல எழுத்து வந்தது. 'மாணவி பத்திரம், வேன் ஓட்டுநருக்குச் சம்பந்தமில்லை - போலீஸ்.' ஓரத்தில் சின்னதாக அவர் படம், கீழே 'சபாபதி' என்று பேர். அன்று எந்தப் படத்தைப் பார்த்து அழுதாரோ அதே படம். இன்று அதைப் பார்த்து, "இருக்குதும்மா! இருக்குது!" என்று கத்திவிட்டார். கவுண்டரில் நின்ற சீனர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகுதான் நடுவில் இருந்த பெரிய படம் கண்ணில் பட்டது. இரட்டைச் சடையோடு அந்தப் பிள்ளை, அவளைக் கட்டிப்பிடித்து அழுகிற தாய். படத்தின் கீழே பிள்ளையின் முழுப் பேர், தகப்பன் பேரோடு. அதற்கும் கீழே இரண்டு வரி: வீட்டில் யார் குடித்தார், யார் யாரை அடித்தார், தாய் எங்கே போயிருந்தாள் என்று. கைது என்று போட்ட அவசரச் செய்தியில் வெறும் 'இரண்டாம் ஆண்டு மாணவி' என்றுதான் இருந்தது. அவருடைய நல்ல பேர் திரும்பி வந்த பக்கத்தில்தான் அவள் குடும்பத்தின் சங்கதி முழுவதும் இருந்தது. அவள் பேர் இங்கேயும் வேண்டாம்.

"லிங்க் அனுப்பிடறேண்ணே. குழுவுல போட்டீங்கன்னா அவங்களே பாத்துக்குவாங்க."

"வேணாம்மா."

"அலமாக்! ஏண்ணே?"

"இந்தப் பாப்பா உலு திராம்லதாம்மா இருக்கு. இடைநிலைப் பள்ளியில படிவம் அஞ்சு. வருஷக் கடைசியில எஸ்.பி.எம். பரீட்சை. குழுவுல இருக்கிறவங்களோட மூத்த பிள்ளைங்க அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறாங்க. ஒருத்தர் கையில கிடைச்சா போதும், நாளைக்கே ஸ்கூல் பூராவும் சுத்தும்."

ஜாக்லின் திரையைப் படம் பிடித்து, பிள்ளையின் படத்தையும் வரிகளையும் கறுப்பாக மறைத்துக் கொடுத்தார். அசல் பக்கத்தையும் அவர் கைப்பேசியில் மட்டும் போட்டு, எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்தார். மறைத்த படத்தைச் சபாபதி அன்றைக்கே குழுவில் போட்டுவிட்டு, பதிலுக்காகக் கைப்பேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். மாலையில் ரூபேந்திரன் எழுதினார்: 'இது எடிட் பண்ண படம்ணே. கறுப்பா மறைச்சு வச்சிருக்கீங்க. நான் இந்த வேலையிலதான் இருக்கேன், இப்படி ஒரு தலைப்பை நானே பத்து நிமிஷத்துல செஞ்சிடுவேன். லிங்க் அனுப்புங்க, நம்பறேன்.' அதற்குக் கீழே நான்கைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

"அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டப் போய்க் கேளுங்களேன். அவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றாள் யோகேஸ்வரி.

சனிக்கிழமை காலை போனார். அந்தத் தாய் மறுமணம் செய்துகொண்டு பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். வேனைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போனார். கேட் கம்பியில் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே புது மாமியார் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழைய கதை எவ்வளவு தெரியுமோ, என்ன சொல்லித் தாயைக் கூப்பிடுவது? சபாபதி வழக்கம்போலச் செருமக்கூட இல்லை. அந்தக் கிழவி நிமிர்ந்து பார்ப்பதற்குள் வந்த வழியே திரும்பிவிட்டார். வீட்டில் யோகேஸ்வரி கேட்டதற்கு, "ஆள் இல்ல" என்று பொய் சொன்னார்.

சனிக்கிழமை மாலை மாமாக் கடையில் மேசைகளை ஒட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விசிறி சுழன்றுகொண்டிருந்தது, தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் குடிக்கவில்லை. சபாபதிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணே, உங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல" என்று ஆரம்பித்தாள் பேட்ரிசியா. "ஆனா பிள்ளைங்க விஷயம் பாருங்க."

"தெரியும்மா. நானா இருந்தாலும் கேப்பேன்."

ரூபேந்திரன் முகம் வாடியிருந்தது. இவரும் சரியாகத் தூங்கியவராகத் தெரியவில்லை. "லிங்க் கொண்டு வந்தீங்களாண்ணே?"

"லிங்க் தரமாட்டேன் தம்பி. இங்கயே காட்டறேன்."

கைப்பேசியைத் திறந்தார். ஜாக்லின் சொல்லிக் கொடுத்தபடி அழுத்தினார். காப்பகத்தின் பட்டை மேலே வந்தது, தேதி வந்தது, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. திரையை அவர்கள் பக்கம் திருப்பும் முன், இடது கையை நடுவில் அழுத்தி வைத்தார். கட்டைவிரல் பெரிய படத்தின் மேல், உள்ளங்கை அதன் கீழே இருந்த வரிகளின் மேல். மேலே தலைப்பு தெரிந்தது. ஓரத்தில் அவருடைய சின்ன முகம் தெரிந்தது. இத்தனை வருடம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஓடி ஒளித்த முகத்தை அவரே ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

ரூபேந்திரன் குனிந்து காப்பகத்தின் பட்டையைப் படித்தார். தேதியைப் படித்தார். ஆள் விவரம் தெரிந்தவர், இது செய்து வைத்ததல்ல, காப்பகத்தின் பக்கமேதான் என்று புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் பயம் முழுசாக விடவில்லை.

"கையை எடுங்கண்ணே. ஃபுல்லா பாத்துடலாம்."

"மாட்டேன்."

"அதுல வேற ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. என்னைப் பத்தி இல்ல."

"எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எல்லாத்தையும் காட்டிட்டா பிரச்சினையே இல்லல்ல? இவ்வளவு தூரம் வந்துட்டு மறைச்சா, மறுபடியும் சந்தேகம்தான் வரும் லா."

"வரட்டும்" என்றார் சபாபதி. விரல் நகரவில்லை. இந்த விரலை எடுத்தால் போதும், திங்கட்கிழமை எல்லாக் கேட்டும் திறக்கும், இருக்கைகள் நிறையும், வீட்டில் யோகேஸ்வரி சிரிப்பாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

பேட்ரிசியாதான் மெல்லக் கேட்டாள். "கைக்குக் கீழ யாருண்ணே?"

"அந்தப் பாப்பா."

"அதுதான் கிடைச்சுடுச்சே. இப்ப பெரிய பிள்ளையா இருக்கும். இன்னும் எதுக்குண்ணே நீங்க மறைக்கணும்?"

"காலையில என் வேன்ல ஏறின பிள்ளைம்மா அது" என்றார் சபாபதி. "அன்னிக்கு நான் அதை வீட்டு வாசல்ல கொண்டு விடல. இன்னும் விடலன்னுதான் என் கணக்கு. விடுற வரைக்கும் அது என் பொறுப்பு. நீங்க வேற வேன் பாத்துக்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். இதை மட்டும் கேக்காதீங்க."

கடைக்காரன் பில்லோடு வந்தவன், நிலைமையைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டான். ரூபேந்திரன் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார், நகத்துக்கு அடியில் எண்ணெய் அழுக்குப் படிந்த தடித்த விரல். தம்முடைய கைப்பேசியை எடுத்தார். குழுவில் தாம் போட்டிருந்த அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, அதை அழிக்கப் போனவர், என்ன தோன்றிற்றோ, அழிக்கவில்லை. அதற்குக் கீழே, 'அண்ணனுக்குச் சம்பந்தமில்லை. அசல் பக்கத்தை நேரில் பார்த்தேன்' என்று எல்லாரும் பார்க்க எழுதினார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"திங்கக்கிழமை பாப்பா எத்தனை மணிக்கு கேட்டுல நிக்கணும்ணே?"

"ஆறேகால்" என்றார் சபாபதி. விரலை இன்னும் எடுக்கவில்லை.